படிக்கு வெளியே

குடும்பநல நீதிமன்றத்தில், பிரிந்துபோன பெற்றோர் பிள்ளையைப் பார்க்கும் அறை அது. அதன் வாசலிலேயே மாசிலாமணியை மறித்துவிட்டார் பெண் காவலர்.

"ஆர்டர்ல அப்பா பேரு மட்டும்தான் இருக்கு பெரியவரே."

அந்த அப்பன், அவர் பெற்ற மகன், இந்தச் சனிக்கிழமையும் வரவில்லை.

"அத்துக்கிட்டது அவங்க ரெண்டு பேரும்மா. நான் யாரை அத்துவிட்டேன்? என் பேத்தியையா?" அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. உள்ளே மருமகளாக இருந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பேத்தி பூவிழி மட்டும் ஓடி வந்து படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவர் வெளியே நின்றபடியே தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"வாசப்படிக்கு வெளிய நின்னு எதையும் குடுக்கக் கூடாது, வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே தாத்தா எல்லாரையும் திட்டுவீங்க? உள்ள வந்து குடுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. "தாத்தா உள்ள வரக் கூடாதாம் கண்ணு."

பூவிழி காவலரை ஒரு முறை முறைத்தாள்.

"அப்ப நான் வெளிய வரேன்" என்று ஒரு காலைத் தூக்கிப் படிக்கு வெளியே வைத்தாள்.

காவலரின் கை குறுக்கே நீண்டது.