பதினொன்றுக்குப் பத்து நிமிடம்

கழுத்தில் கத்தி இருக்கும்போதே புரூஃப் ரீடர் விருட்டென்று எழுந்து நின்றார்.

சலூன்காரர் பதறிப்போய்க் கத்தியைப் பின்னுக்கு இழுத்தார். வெந்நீர்க் கிண்ணம் கவிழ்ந்து புரூஃப் ரீடரின் இடது கையும் மடியும் நனைந்தன. தாடையில் ஒரு சின்னக் கீறல்.

"சார், உயிரோட இருக்கப் பிடிக்கலைன்னா வேற கடைக்குப் போங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

"கோவிச்சுக்காதப்பா. வாட்ச் எழுந்திரிக்கச் சொல்லுச்சு. ஒரு நிமிஷம் நின்னுட்டு உட்கார்ந்துடறேன்."

மகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் அது. கட்டி மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆள் உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டில் கிர்ரென்று அதிரும். எழுந்து ஒரு நிமிடம் நின்றால் 'அருமை' என்று எழுத்து மின்னும். முப்பது வருட உத்தியோகத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதனால் எங்கே இருந்தாலும் எழுந்தார். பஸ்ஸில் எழுந்தார், திரும்பிப் பார்ப்பதற்குள் இடம் போயிருந்தது. பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து வாயைத் திறந்தபடியே எழுந்தார்.

"நான் எழுந்திரிங்கன்னு கத்தினா காதுல விழாது. கைல கட்டினது கிசுகிசுத்தா குதிக்கிறீங்க" என்றாள் மனைவி.

மறுநாள் திங்கட்கிழமை. தாடையில் பிளாஸ்திரியோடு பத்து மணிக்கு அச்சகத்துக்குள் நுழைந்தார். அங்கே அவர் அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையில் சுழிப்பாரே தவிர, வாய்விட்டு யாரிடமும் 'இது தப்பு' என்று சொன்னதில்லை.

பத்தரைக்கு மேல் எல்லோரையும் பைண்டிங் அறைக்கு வரச் சொன்னார் முதலாளி. காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள்.

"விஷயம் ஒண்ணுதான். டீ போட மெஷின் வருது. பட்டனை அமுக்கினா டீ. அதனால நம்ம டீ அக்காவுக்கு இந்த மாசத்தோட வேலை இல்லை."

வாசலோரம் நின்ற அக்கா, துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள். பதினோரு வருடமாக அங்கே டீ போடுகிறவள். யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருக்கு இரண்டு கரண்டி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் பெண்ணுக்கு நர்ஸ் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி.

"ஆட்சேபணை இருக்கிறவங்க எழுந்து நிக்கலாம்" என்றார் முதலாளி.

எந்த முடிவுக்கும் அவர் இப்படித்தான் கேட்பார். ஜனநாயகம் என்பார். அவர் முதலாளியாகி ஒன்பது வருடத்தில் ஆட்சேபிக்க ஒருவரும் எழுந்ததில்லை. எழுந்தால், அடுத்த மாதம் உட்கார ஸ்டூல் இருக்காது என்று எல்லோருக்கும் பயம்.

மின்விசிறி மட்டும் கடகடத்தது. புரூஃப் ரீடர் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

எழுந்து நின்றார்.

முதலாளியின் முகம் இறுகியது. பிறகு அவர் பார்வை பிளாஸ்திரிக்கும் மணிக்கட்டுக்கும் போனது.

"ஓ, வாட்சா?"

"ஆமாங்க சார். ஒரே ஒரு நிமிஷம்."

"போன வாரமும் நான் பேசிட்டு இருக்கும்போதே இப்படித்தான் எழுந்தீங்க. சரி, நின்னு தொலைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பைண்டர் எழுந்தார்.

"எனக்கும் கால் மரத்துப்போச்சு சார். அண்ணன் கூட நானும் ஒரு நிமிஷம்."

"எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு" என்று எழுந்தாள் டிசைன் செய்யும் பெண். "ஸ்டூல் ஆடுது சார்" என்று எழுந்தார் மெஷின்மேன். காகிதம் வெட்டுகிறவர் காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "இவங்கெல்லாம் நின்னா எனக்குக் காத்து வரலை சார்" என்று எழுந்தார்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக முதலாளியின் சொந்த மைத்துனன்.

"உனக்கு என்னடா?"

"ஏப்பம் வரமாட்டேங்குது மாமா. நின்னா வரும்."

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. யாரும் ஆட்சேபிக்கவில்லை, யாரும் உட்காரவும் இல்லை. பதினான்கு பேர் சுற்றி நிற்க, நடுவில் உட்கார்ந்திருப்பது முதலாளிக்கே ஒரு மாதிரி இருந்தது. அவரும் எழுந்துவிட்டார்.

"சரி சரி, மெஷினை அப்புறம் பார்த்துக்கலாம். அக்கா, எல்லாருக்கும் டீ கொண்டாங்க."

அக்கா டீ கொடுத்துக்கொண்டே வந்து, புரூஃப் ரீடரின் மேஜை அருகே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அந்த வாட்சைக் கொஞ்சம் காட்டுங்கண்ணே. நல்ல நேரத்துல அடிச்சுது. ஒரு கும்பிடு போட்டுக்கறேன்."

புரூஃப் ரீடர் சட்டைக் கையை இழுத்து வாட்சை மூடிக்கொண்டார். முதலாளி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மெதுவா பேசும்மா. நேத்து சலூன்ல வெந்நீர் கொட்டினப்பவே அது செத்துப்போச்சு."