ஆத்தும ஆதாயம்

"நீ ஊருக்கெல்லாம் எவ்வளவு நல்லது செஞ்சாலும் சரி, விசுவாசம் இல்லேன்னா அத்தனையும் வீண்தாண்டா!"

ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு அதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. கட்டிலில் பச்சை அங்கியோடு சாய்ந்திருந்தான் அவருடைய தம்பி. இன்னும் அரை மணி நேரத்தில் ஆபரேஷன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாத்தியார் சபையின் மூப்பராகியிருந்தார். வேதபாட வகுப்பில் அவரை எதிர்த்து யாரும் வாய் திறந்ததில்லை. நாற்பது ஆத்துமாக்களை விசுவாசத்துக்குத் திருப்பியவர். கூடப்பிறந்தவன் மட்டும்தான் மசியவில்லை. லாரி மெக்கானிக்கான தம்பி சர்ச் வாசலை மிதித்து இருபது வருஷம் ஆகிறது.

ஆனால் தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அவன் வண்டிதான் முதலில் வந்து நிற்கும். வாத்தியாருக்கு அதுதான் எரிச்சல். ஜெபக்கூட்டத்தில் "வழிதவறிப் போன என் தம்பிக்காக ஜெபிப்போம்" என்று அவர் உருக்கமாக ஆரம்பித்தால், "தங்கமான மனுஷன்!" என்று பின்வரிசையிலிருந்து யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள்.

"அண்ணே, நீங்க பாட்டுப் பாடுற நேரத்துல நான் எவன் லாரிக்கு அடியிலயாவது படுத்துக் கிடப்பேன். நாலு பேருக்கு ஒத்தாசையா இருந்தா அதைக் கடவுள் கணக்குல எடுத்துக்க மாட்டாரா?"

"மாட்டார்! நல்லது செஞ்சு பரலோகத்துல இடம் பிடிச்சுடலாம்னு நெனைக்கிறது அகம்பாவம்டா. ரட்சிப்பு இலவசம். நம்பினா போதும். அதுக்காக நீ ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட வேண்டாம்."

"ஒண்ணுமே செய்ய வேண்டாமா?"

"ஒண்ணுமே!"

"செய்யாம விட்டா கோவிச்சுக்க மாட்டாரே?"

"நாப்பது வருஷமா வேதம் படிக்கிறவன் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ!"

சத்தம் கேட்டு சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "ஐயா, இங்கே உட்கார்ந்து இப்படிக் கத்தக் கூடாது. கிளம்புங்க."

"ரெண்டே நிமிஷம்மா. ஒரு ஆத்துமா விஷயம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

தம்பி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உள்ளுக்குள்ள உதறுதுண்ணே. வெளியில சொல்லிக்கலை. கத்தி வெக்கிற இடத்துல செத்துகித்துப் போயிட்டா?"

"அதுக்குத்தாண்டா இந்தப் பாடு படறேன். இப்பவே, இந்த நிமிஷமே நம்பு!"

கிரீஸ் கறை போகாத அந்தக் கைகள் இரண்டும் குவிந்தன.

"சரிண்ணே. நம்பறேன். மனசாரச் சொல்றேன்."

வாத்தியார் தம்பியைக் கட்டிக்கொண்டு ஜெபித்தார். ஜெபத்துக்கு நடுவிலேயே, ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்லப்போகும் சாட்சியை எந்த வாக்கியத்தில் தொடங்கலாம் என்று மனசு ஒரு பக்கம் ஓடியது. பின்வரிசை இனி வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்!

அவர் கண்ணைத் திறந்தபோது தம்பி கட்டிலை விட்டு இறங்கியிருந்தான். பத்து வயது குறைந்தவன் போல முகம் தெளிந்திருந்தது. அலமாரியிலிருந்து பேன்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"வீட்டுக்குத்தான். பாவம், என் பொண்டாட்டி நாலு நாளா அழுதுக்கிட்டே இருக்கா. சர்ச்சுக்குப் போகாத குறைக்கு இந்த ஒரு நல்லதையாவது செஞ்சா மேல போறப்ப ஆகும்னுதான் ஒத்துக்கிட்டேன். ஒண்ணுமே வேண்டாம்னு நீங்க சொன்ன பிறகுதாண்ணே உயிரே வந்துச்சு. ஸ்தோத்திரம்!"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் வராந்தாவில் இறங்கி நடக்க, எதிரே வந்த சிஸ்டர் அலறினாள்:

"ஐயா, அவரைப் பிடிங்க! அவர் போயிட்டா உங்களுக்கு வெக்க வேற கிட்னிக்கு நாங்க எங்கே போறது?"