சிக்குற துப்பாக்கி

“சனியன், மறுபடியும் சிக்கிக்கிச்சு!”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சேசுராஜ் துப்பாக்கியை உதறினார். விசையை அமுக்கினால் பாதி வழி போய் அங்கேயே நின்றுகொண்டது.

தாராவியின் அந்த ஒற்றையடிச் சந்தில் தண்ணீர்க் குடத்தோடு வந்த வேல்ராஜ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

“என்ன சார், வாத்தியார் வேலைய விட்டுட்டு பாய், தாதான்னு கிளம்பிட்டீங்களா?”

“அட, ஸ்கூல் துப்பாக்கிப்பா. ஓட்டப் பந்தயத்துக்குச் சுடுறது. குண்டெல்லாம் கிடையாது, சத்தம் மட்டும்தான். நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே.”

“இருக்கட்டும் சார். நான் தாண்டுற வரைக்கும் அந்தப் பக்கமாத் திருப்பிக்கிடுங்க.”

வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட பீரோவில் தூங்கும் துப்பாக்கி அது. மழைக்காலத்துத் துருவும் பழைய வெடிமருந்துக் கரியும் சேர்ந்து உள்ளே பிசினாகப் பிடித்திருந்தது. பி.டி. வாத்தியார் சேசுராஜ் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிரஷ் போட்டுத் தேய்த்தார். துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டார்.

உள்ளேயிருந்து மனைவி சேசம்மாளின் குரல் வந்தது.

“ஏங்க, என் பல்லு விளக்குற பிரஷ்ஷப் பாத்தீங்களா?”

சேசுராஜ் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். மெதுவாகத் துணிக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் மைதானத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் மாரிசெல்வி கேட்ட முதல் கேள்வியே துப்பாக்கியைப் பற்றித்தான்.

“துப்பாக்கி சரியாயிடுச்சா சார்?”

“இன்னும் கொஞ்சம் சிக்குது மேடம். ஆனா வெடிச்சிரும்.”

“சீஃப் கெஸ்ட் முன்னால மானத்த வாங்கிராதீங்க.”

சீஃப் கெஸ்ட் என்றால் சொரிமுத்து அண்ணாச்சி. ஏரியாவில் பெரிய புள்ளி. மழைக்கு ஒழுகும் ரெண்டு வகுப்புக்கும் தகரக் கூரை போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் மைக்கும் அவர் கையில்தான் இருந்தது.

“இந்தப் பம்பாய்க்கு நான் வந்தப்ப என் கையில என்ன இருந்துச்சு?” என்று மூன்றாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரமாகிவிட்டது. அண்ணாச்சி ஊரிலிருந்து ஏறிய ரயில் இன்னும் கல்யாண் ஸ்டேஷனையே தாண்டவில்லை.

பிள்ளைகள் ஓட்டத்துக்கு வரிசை கட்டி வெயிலில் நின்றார்கள். சிலருக்குக் காலில் செருப்புகூட இல்லை. ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கி, கொக்கு மாதிரி மாற்றி மாற்றி நின்றார்கள்.

சேசுராஜுக்குப் பொறுக்கவில்லை. மேடைக்குப் பின்பக்கமாகப் போய்க் குனிந்தார்.

“மேடம், சின்னப் பிள்ளைங்கள மட்டுமாவது நிழலுக்கு அனுப்பட்டுமா?”

“பெரியவர் பேசும்போது நடுவுல கலைச்சுக் கூட்டிட்டுப் போறதா? கூரை வேணுமா, வேண்டாமா? அசையாம நிக்கச் சொல்லுங்க சார்!”

‘பந்தலுக்குள்ள உட்கார்ந்துகிட்டா இப்படித்தான் பேசத் தோணும். கல்நெஞ்சுக்காரி’ என்று பல்லைக் கடித்தார் சேசுராஜ்.

அந்த நேரம் பார்த்து ஒன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு சிறுமி தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

“போங்க, போய் அவளுக்குத் தண்ணி குடுங்க. துப்பாக்கிய இங்க வைங்க” என்றார் மாரிசெல்வி.

“வெடி போட்டிருக்கு மேடம். கவனம்.”

சேசுராஜ் ஓடிப்போய்ச் சிறுமியின் வாயில் பாட்டிலை வைத்ததுதான் தாமதம்.

“டமார்!”

சத்தம் கேட்டால் ஓடணும் என்று ஒரு மாதமாகப் பழக்கியிருந்தார். ஓடினார்கள். ஒன்றாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்ற பேதமில்லாமல் மொத்தப் பள்ளிக்கூடமும் எல்லைக்கோட்டைப் பார்த்து ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மரநிழலும், மோர் டிரம்மும்.

“கோலி சலி! கோலி சலி!” என்று, யாரோ சுட்டுவிட்டதாக நினைத்து, எவனோ இந்தியில் கத்தினான்.

மேடையில் அண்ணாச்சியைக் காணோம். மேஜை விரிப்புக்குக் கீழே வெள்ளை வேட்டி நுனி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வெளியே வந்தார்.

“செருப்பு கழண்டுக்கிச்சு” என்றார்.

மாரிசெல்வி மைக் இருப்பதையும் மறந்து சேசுராஜைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தனை வாட்டி சொன்னேன், ரிப்பேர் துப்பாக்கிய எடுத்துட்டு வராதீங்கன்னு? கை பட்டதும் தானா வெடிக்குது! கேளுங்க, அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேளுங்க!”

பெற்றோர் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கூரையே கைவிட்டுப் போச்சோ என்ற பயத்தில் சேசுராஜ் கை கூப்பினார்.

அண்ணாச்சிக்கு மனசு இளகிவிட்டது.

“சோடோ டீச்சர், விடுங்க. பாவம், பழைய சாமானுக்கு வாத்தியார் என்ன செய்வாரு? தகரம் நாளைக்கே வந்து இறங்கிரும். கூடவே ஒரு புதுத் துப்பாக்கியும் வாங்கித் தாரேன்.”

அதற்கப்புறம் அவர் மைக் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் சேசுராஜ் ஆபீஸ் அறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். நாள் முழுக்க அடக்கி வைத்த கோபத்தைக் கொட்டினார்.

“மேடம், வேதத்து மேல சத்தியமாச் சொல்றேன். அது தானா வெடிக்கிற துப்பாக்கியே இல்ல!”

மாரிசெல்வி எழுந்து கதவைச் சாத்தினார். சிவந்து வீங்கியிருந்த ஆள்காட்டி விரலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“அது எனக்குத் தெரியாதா சார்? சிக்குதுன்னுதான் சொன்னீங்க, இவ்வளவு சிக்கும்னு சொல்லலையே! மேஜைக்கடியில வெச்சு ரெண்டு கையாலயும் அமுக்க வேண்டியதாப் போச்சு. எல்லார் முன்னாலயும் திட்டினத மனசுல வெச்சுக்காதீங்க. புதுத் துப்பாக்கி பீரோவுல இருக்கட்டும். இதுக்கே இன்னும் கொஞ்சம் எண்ணெய் போட்டு வைங்க. அடுத்த வருஷமும் அண்ணாச்சிதான் வர்றாரு.”