பதினெட்டாவது மனு

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்த காசிலிங்கம், தொல்பொருள் அலுவலக பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். ஊர்ப் பாறையில் ஆதிமனிதன் செதுக்கிய மான்களைக் கல்குவாரியிடமிருந்து காப்பாற்றச் சொல்லி, ஆறு வருடத்தில் பதினேழு மனு கொடுத்தாயிற்று. அதிகாரி புருஷோத்தமன் நேற்றுத்தான் பாறையைப் போய்ப் பார்த்திருந்தார்.

"என்னா பெரியவரே, எவனோ பாறை பூரா மஞ்சளப் பூசி, சூலத்த நட்டு வெச்சிருக்கான். மானு கொம்பே தெரியல."

"போன மாசம் குவாரி மிஷினு பாறைகிட்டயே வந்துடுச்சு சார். மஞ்சளப் பாத்துட்டுதான் டிரைவரு கும்புட்டுட்டுத் திரும்பிப் போனான்."

"அதுக்காக? நாலாயிரம் வருஷத்து மானு பாழாப் போச்சே. பூசினவன் மேல புகார் எழுதிக் குடுங்க, நாளைக்கே வேலி போட்டுடலாம்."

"நாளைக்கேவா?"

"மனுன்னா மேலிடத்துக்குப் போயி வரணும். சேதம் பண்ணிட்டான்னு புகார் வந்தா, நானே வேலி போடலாம். ரூல் அப்படி."

 காசிலிங்கம் ஒரு வெள்ளைத்தாளை வாங்கினார். பழகிய கை, நிற்காமல் எழுதியது.

புருஷோத்தமன் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பூசினவன் பேரு எழுதற எடத்துல உங்க பேர எழுதிட்டீங்க. உங்க பேரு கீழ கையெழுத்துலதான் வரணும்."

"ரெண்டு எடத்துலயும் என் பேருதான் சார்" என்றார் காசிலிங்கம். "வேலிய மட்டும் நாளைக்கே போட்டுடுங்க."