பனி பெய்த தாள்

சீன தேசத்தில் பாங் என்றொரு கவிஞர் இருந்தார். அவர் தூரிகையைத் தொட்டால் எழுத்து பறக்கும். பனி விழுந்த ஒரு காலையைப் பற்றி, பெரிய தாள் ஒன்றின் ஓரத்தில் இரண்டே வரி எழுதினார். மீதி இடத்தை அப்படியே விட்டுவிட்டார். "அதுதான் பனி" என்று சிரித்துக்கொண்டே, தன் குட்டி முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்து மூலையில் குத்தினார்.

"உறுத்துகிறேனா?" என்று முத்திரை தாளைக் கேட்டது.

"பனியில் ஒரு பழம் விழுந்த மாதிரி இருக்கிறாய். இரு" என்றது தாள்.

பாங் காலமானபின் தாள் கைமாறியது. அந்த ஊர் வழக்கப்படி, அதை வாங்கியவர்களும் ரசித்ததற்கு அடையாளமாகத் தங்கள் முத்திரையைக் குத்தலாம். முதலில் ஒரு வணிகரின் முத்திரை வந்தது. "அடடா, என்ன வெண்மை" என்று உருகி, நட்டநடுவில் உட்கார்ந்தது. அடுத்து வந்த நீதிபதியின் முத்திரை, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்றபடி அதன் தோளில் இடித்துக்கொண்டு இறங்கியது. பிறகு வந்தவையெல்லாம் கிடைத்த இடத்தில் நெருக்கியடித்தன.

கடைசியில் அரண்மனையின் கனத்த முத்திரை வந்தது. பார்த்ததும் அதற்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"பனிக் கவிதையில் பனி எங்கே? ரசனை கெட்ட கூட்டம். மிச்சமிருக்கும் இந்தத் துளி வெள்ளையையாவது காப்பாற்ற வேண்டும்."

"எப்படி ஐயா காப்பாற்றுவீர்கள்?" என்று தாள் ஆசையாகக் கேட்டது.

"இனி ஒருவரும் இங்கே உட்கார முடியாதபடி செய்துவிடுகிறேன்" என்ற அரண்மனை முத்திரை, மையில் நன்றாகத் தோய்ந்துகொண்டு, அங்கே உட்கார்ந்தது.