தெம்பு

அவள் புருஷன் மேலிருந்த போர்வையை விலக்கினாள்.

மறுபடியும் தார் போலப் போயிருந்தது. இந்தத் தடவை கறுப்புக்கு நடுவே சிவப்பும் இருந்தது.

மூன்றாவது துணி. அதையும் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளினாள். தலைமாட்டில் ரத்தப் பை சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஏற்றுவதெல்லாம் கீழே போகிறது. செங்கோடன் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துக் கிடந்தான்.

டாக்டர் வந்து நின்றார்.

"வாய் வழியாவும் பாத்தாச்சு, கீழ வழியாவும் பாத்தாச்சும்மா. குழாய் எட்டாத இடம். நேத்து முழுங்கவெச்ச கேமராவுலதான் தெரிஞ்சுது. சிறுகுடல் பூராப் புண்ணு. ஒண்ணுல ரத்தம் நிக்கல."

அவள் தலையாட்டினாள்.

"வலி மாத்திரை நெறையப் போட்டா இப்படித்தான் அரிக்கும். போடுவாரா?"

"ஐயோ, இல்லீங்க சார். மாத்திரையே தொட மாட்டாருங்க. காச்சலுக்குக் கூட மொளகு ரசந்தானுங்க."

அது பொய் இல்லை.

"நாளைக்குக் காலைல வயித்தத் தொறந்து அந்தத் துண்ட வெட்டி எடுக்கணும். இந்த ஒடம்பு தாங்காது. அதுக்குள்ள கொஞ்சமாச்சும் தெம்பு வேணும்."

"தெம்புங்களா?"

"ஆமாம்மா. இல்லேன்னா மேசையிலேயே போயிருவாரு."

தெம்பு அவளிடம் இருந்தது.

கல்குவாரியில் விடிந்ததும் மேஸ்திரி ஆளுக்கு இரண்டாக உள்ளங்கையில் போடுவார். வெள்ளையாக, வட்டமாக, உறை கிடையாது. அதற்குப் பெயரே தெம்பு. விழுங்கினால் இடுப்பு நோவு தெரியாது, சம்மட்டி கனக்காது. பதினோரு வருஷமாகச் செங்கோடன் விழுங்குகிறான். யாரும் அதை மாத்திரை என்று சொன்னதில்லை. மாத்திரை சீக்காளி போடுவது.

நேற்றுப் பார்க்க வந்தபோதும் மேஸ்திரி ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்.

"என்ன செங்கோடா, பொம்பளயாட்டப் படுத்துட்ட? எந்திரிச்சு வாடா. உன்ற குழி காலியாக் கெடக்குது."

வார்டே சிரித்தது. செங்கோடனும் சிரித்தான்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். வழக்கமாக இரண்டு.

நாளைக்கு ஆபரேஷன்.

நான்கு எடுத்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் சாய்த்து, தண்ணீர் விட்டு விட்டு, ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஒன்றுகூடக் கீழே சிந்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணைத் திறந்தான்.

"நோவு விட்டிருச்சு புள்ள."

அவள் டாக்டர் இருந்த பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டாள்.