கிஷோர் காட்டிய மேற்கோள்கள்

"ஐயோ, நான் அவனைப் பார்த்ததே இல்லன்னு..."

"பார்க்காதவன் கட்டுரைக்குக் கட்டுரை உன் பேரைப் போட்டுகினு இருப்பானா? யாரு அந்த கிஷோர்?"

முகப்பேர் ஃபிளாட்டில் ஜெகனின் குரல் எகிறியது. அவன் மனைவி கிருஷ்ணப்பிரியா அண்டார்டிகா கடலை ஆராய்பவள். அவளுடைய ஆய்வு மற்றவர்களின் கட்டுரைகளில் அதிக முறை மேற்கோள் காட்டப்பட்டதற்காக நாளை அவளுக்கு விருது. அந்த மேற்கோள்களில் முக்கால்வாசியைக் காட்டியவன் இந்தக் கிஷோர்தான் என்று தெரிந்ததிலிருந்து ஜெகனுக்கு வயிறு எரிந்தது.

"சும்மாவா ஒருத்தன் இப்பிடி எழுதுவான்? உண்மையைச் சொல்லு பிரியா!"

அவள் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் தணிந்திருந்தது.

"கடல் சூட்டை நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்னுதான் ஒவ்வொண்ணுலயும் எழுதறான். போதுமா?"

ஜெகனுக்கு அப்பாடா என்றிருந்தது. மறுகணமே முகம் சுருங்கியது.

"அப்போ, விருது குடுக்கறவங்க அதுல ஒண்ணைக்கூடப் படிக்கலியா?"